கிரேக்கத்துக்குப் போன கட்டளைத் தாள்

பழைய நாட்குறிப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கும்போது அந்தத் தாளின் கார்பன் நகல் கைக்கு வந்தது. நீளத் தாள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் பள்ளி கேடட் படையின் அணிவகுப்புக் கட்டளைகள் முப்பத்தொன்று, மலாயில், வரிசை எண்களோடு நான் தட்டச்சு செய்தவை. வலப்பக்கம் முழுவதும் வெறுமை. அங்கே இருக்கவேண்டியவற்றை அக்கா பிறகு கையால் எழுதினார். அவை அசலோடு கிரேக்க நாட்டுக்குப் போய்விட்டன.

அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. அப்பா வேலை செய்த ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்தோம். பின்கதவைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று. முன்கதவைத் திறந்தால் அக்கா வீட்டு மல்லிகைத் தொட்டிகள். அவர் கணவர் ஈப்போவிலேயே பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். கப்பலில் எஞ்சினியராக இருந்த நாட்களில் கிரேக்கத் துறைமுக ஊர் ஒன்றில் அக்காவைச் சந்தித்து மணந்து அழைத்துவந்தார். பாதி ஆண்டு அவர் கடலில் இருந்ததால் அக்காவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது மாமியார்தான். அதனால் ஆங்கிலம் அதிகம் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பெண் அசல் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். "அக்கா தமிழு நம்மளுதவிட சுத்தமா இருக்குலா" என்று மீன் வேன்காரர் வாரம் தவறாமல் சொல்வார். அக்காவும் வாரம் தவறாமல் அவரிடம் மீன் விலையில் அரை வெள்ளி குறைப்பார்.

அக்காவின் அப்பா ஓய்வுபெற்ற ராணுவ சார்ஜன்ட். புதிதாகச் சேர்பவர்களுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தவர். மகள் சொல்லாமல் மணந்துகொண்டு கப்பலேறிய நாளிலிருந்து அவர் அவளோடு பேசவில்லை. முதல் சில ஆண்டுகள் அக்கா எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல், உறையின் குறுக்கே அவர் கையெழுத்தோடு திரும்பி வந்தன. பிறகு திரும்பி வருவதும் நின்றது. அக்காவின் தங்கை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை எழுதுவாள்: அப்பா நலம், எதுவும் கேட்பதில்லை. இனி அந்த மனிதருக்கு எழுதாதே என்று கணவர் சொல்லிவிட்டார். அது கோபத்தில் சொன்னதல்ல. கரையில் இருந்த போதெல்லாம் அந்த உறைகளை வாங்கிப் பார்த்தவர் அவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்காவின் மகன் பதினான்கு வயதில் பள்ளி கேடட் படையில் சேர்ந்தான். முதல் முறை பூட்ஸ் போட்டுக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்ற மறுநாள், அக்கா எங்கள் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார். "தங்கச்சி, என்னைப் பற்றி எழுதினா அப்பா வாசிக்கமாட்டார். ட்ரில்லைப் பற்றி எழுதினா வாசிப்பார்" என்றார். பேரன் என்னென்ன கட்டளைகளுக்கு நிற்கவும் திரும்பவும் கற்றுக்கொள்கிறான் என்பதை, பட்டாளத்துக் கிரேக்கத்தில், ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பவேண்டும். மகனிடமே கேட்கலாமே என்றேன். அக்கா மறுத்துத் தலையசைத்தார். "அவனுக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சால் அவனும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிப்பான். நான் ஒருத்தி நிண்டதே காணும்."

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் அந்தப் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. கேடட் படையின் வாராந்தர அட்டவணையைத் தட்டச்சு செய்வது என் வேலைகளில் ஒன்று. கட்டளைகள் ஆங்கிலத்தில் இருந்து மலாய்க்கு மாறியபோது புதிய பட்டியலை எடுத்ததும் நான்தான். என் மேசைக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே திடல். ஆறு ஆண்டுகள் சனிக்கிழமை காலைகளில் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன்.

அடுத்தடுத்து ஐந்து சனிக்கிழமைகள், பிற்பகல் மூன்று மணிக்கு, மகன் பந்து விளையாடப் போன பிறகு, அக்கா வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். வேலை இப்படி நடந்தது: நான் மலாய்க் கட்டளையைச் சொல்வேன். அதன் பொருளைத் தமிழில் விளக்குவேன். பிறகு செய்து காட்டுவேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதையே தானும் செய்வார். அவருக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா அவரையும் தங்கையையும் வீட்டு முற்றத்தில் நிறுத்தி விளையாட்டாக அணிவகுப்பு நடத்துவாராம். கால் முதலில் ஞாபகப்படுத்தும். சொல் பின்னால் வரும். சில நாட்களில் ஒரே கட்டளைக்குப் பத்து முறை திரும்பியிருக்கிறோம். துப்பாக்கிக்குத் தென்னந்துடைப்பம். கைலி கட்டிய நானும் பூப்போட்ட கவுன் போட்ட அக்காவும் இப்படி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்து எதிர்வீட்டுச் சீனர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, போர் வந்துவிட்டதா என்று மலாயில் விசாரித்தார். வந்தால் முதலில் உங்கள் வீட்டைத்தான் பிடிப்போம் என்று அக்கா பதில் சொன்னார்.

வரிசையில் கூடச் சொல்லும் கட்டளையை விளக்க எனக்கு ஒரு சொல்தான் கிடைத்தது: பெரட்டு. தோட்டத்தில் விடிவதற்கு முன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர். என் அம்மா இருபது ஆண்டுகள் பெரட்டில் நின்றவர் என்று சொன்னேன். அக்கா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு எங்கள் சனிக்கிழமை வேலை முழுவதுமே பெரட்டுதான். "தங்கச்சி, இண்டைக்குப் பெரட்டு இருக்கோ?" என்று வேலிக்கு மேலாகக் கேட்பார்.

இருபத்தேழு சொற்கள் கிடைத்தன. நான்கு கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்று, கைகளைப் பின்னால் கட்டிக் கால் அகட்டி நின்றபின் உடம்பைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லும் கட்டளை. அதற்கு முந்தைய நிலைக்கு 'அனாபவ்ஸி' என்று எழுதிவிட்டார். இதற்கு ஒன்றும் வரவில்லை. நான்கையும் தானே ஏதாவது சொல் போட்டு நிரப்பிவிடலாம் என்றார் அக்கா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் அலுவலகத்தில் ஊகித்து நிரப்பிய படிவம் ஒன்றுகூடப் போனதில்லை.

"தெரியாதத எழுதக்கூடாதுக்கா. சும்மா விட்டுருங்க" என்றேன்.

"அப்பாவுக்கு முன்னால தெரியாது எண்டு நிக்கச் சொல்லுறீரோ?" அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "பிழை விட்டா அவர் கத்துவார். பேசாமல் நிண்டா அவர் பார்க்கவே மாட்டார்."

ஆனாலும் நான் விடவில்லை. நான்கு கட்டங்களும் காலியாகவே போயின. மகனைப் பற்றி இரண்டே வரி எழுதி, தாளோடு வைத்து, ஈப்போ தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகச் சேர்த்தோம்.

ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. அந்த மாதங்களின் நாட்குறிப்பில் மழை, பள்ளித் தேர்வு, அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. அக்காவைப் பற்றி எதுவும் இல்லை. எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்து, அரைகுறை வேலை என்று அந்த மனிதர் தாளை ஒதுக்கியிருப்பார் என்று நினைத்தேன். என் பிடிவாதத்துக்கு அக்கா விலை கொடுக்கிறார். வேலிக்கு மேலாக அவர் பெரட்டைப் பற்றிக் கேட்பதும் நின்றிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் உறை, அதன்மேல் மடிப்புக் கலையாத எங்கள் தாள். நான் தட்டச்சு செய்த முதல் வரி வெளியே தெரிந்தது. "திரும்பி வந்திட்டுது தங்கச்சி" என்றார். உறையைக் கிழித்து எங்கள் தாளைக் கண்டதும், முன்பு வந்தவற்றைப் போலவே இதுவும் என்று நினைத்து, மடிப்பைக்கூடப் பிரிக்காமல் மதியத்திலிருந்து அப்படியே இருந்திருக்கிறார். நான் தாளை எடுத்தேன். மடிப்பின் ஓரத்தில் சிவப்புப் பென்சில் தெரிந்தது. உறையைப் பார்த்தேன். அது நாங்கள் அனுப்பிய உறை அல்ல; தபால்தலை அவர்கள் நாட்டுடையது.

விரித்து அக்காவின் மடியில் வைத்தேன். காலியாக இருந்த நான்கு கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. அவசரமில்லாத, நிமிர்ந்த எழுத்துகள். வேறு ஏழு இடங்களில் அக்கா எழுதியதை அடித்துத் திருத்தியிருந்தார். 'அனாபவ்ஸி'யை அம்புக்குறி போட்டு அடுத்த கட்டத்துக்கு இறக்கியிருந்தார். தளர்ந்து நிற்கச் சொல்லும் கட்டளைக்கு உரிய சொல் அதுதானாம். ஓரத்தில் சிறிதாக ஏதோ இருந்தது. அக்கா அதை இரண்டு முறை மனதுக்குள் வாசித்துவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார். "நீ முற்றத்திலும் இப்படித்தான். நான் சொல்ல முதலே காலை மாத்துவாய்."

அன்புள்ள மகளுக்கு என்றில்லை. நலமா என்றில்லை. கையெழுத்துகூட இல்லை. தாளின் அடியில் ஒரே ஒரு கேள்வி: பையன் எவ்வளவு உயரம், வரிசையில் எத்தனையாவதாக நிற்கிறான்?

அக்கா அந்தக் கேள்வியை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். பதில் தேவைப்படும் ஒன்றை அவர் அப்பா பதினாறு ஆண்டுகளில் முதன்முறையாகக் கேட்டிருக்கிறார். அக்கா அழவில்லை. எழுந்து உள்ளே போய்த் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தார்.

மகன் திடலிலிருந்து சேற்றுக்காலோடு வந்தான். எதற்கு என்று கேட்டவனை அக்கா கதவு நிலையில் சாய்த்து நிறுத்தினார். குதிகாலை ஒட்டி வை, தாடையைத் தூக்காதே என்றார். நான் தலைக்குமேல் அடிக்கோலை மட்டமாகப் பிடித்துப் பென்சிலால் கோடிட்டேன். ஐந்தடி நாலரை அங்குலம். அங்கே அடிக்கணக்குச் செல்லாது, சென்டிமீட்டரில் எழுதுங்கள் என்றேன். அக்கா நாடாவின் மறுபக்கத்தைத் திருப்பி, நூற்று அறுபத்துநான்குக்குக் கூடவா குறைவா என்று இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

"வரிசையில எத்தனையாவது நிக்கிறாய்?" என்று கேட்டார்.

"வலப்பக்கத்திலேர்ந்து ஆறாவதுமா. ஏன், யாருக்கு?"

அக்கா நாடாவைச் சுற்றிக்கொண்டே, "உன்ரை தாத்தா கேட்டவர்" என்றார்.