ஐம்பத்தாறு என்று சொன்ன குரல்

அன்று வெள்ளையன் செத்திருந்தால், அந்தப் பாவம் என்னைத்தான் சேர்ந்திருக்கும். அதிலிருந்து என்னைக் காத்தவன் இறைவன். சகோதரர்களே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஊர் வாணியம்பாடி. வீட்டில் எல்லோரும் தோல் வேலைக்குப் போக, நான் மட்டும் ஜவ்வாது மலையில் காட்டு ஆராய்ச்சிக்குக் களப்பணியாளனாகச் சேர்ந்தேன். எண் தகடு அடித்த மரங்களின் சுற்றளவை வருடா வருடம் அளக்க வேண்டும். புதூர்நாட்டு விவசாயி வெள்ளையன் டேப்பைச் சுற்றிப் பிடித்து மரத்தின் எண்ணையும் அளவையும் கூவுவார். நான் நோட்டில் எழுதுவேன். தொழுகையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. காட்டில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு பகல். மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"நூத்திப்பதினேழு. அம்பத்தாறு."

எழுதினேன். மறுபடியும், "நூத்திப்பதினேழு. அம்பத்தாறு." அதே மரம், அதே அளவு. பழக்கத்தில் கை எழுதிக்கொண்டே இருந்தது.

"இன்னா அண்ணே, வெளையாடுறீங்களா?" என்று கத்தினேன். அதே எண்கள்தான் வந்தன. வலப்பக்கம் கேட்டது. போனேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. வரவர அது அவர் குரல் மாதிரியே இல்லை.

ஓட நினைத்தேன். எந்தப் பக்கம் ஓடுவது? ஈரச் சருகில் நெற்றியை வைத்து விழுந்தேன். "யா அல்லாஹ், என் காதையே நம்ப முடியலியே. நீதான் வழி காட்டணும்" என்று அழுதேன்.

குரல் நின்றது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. "பாய்... பாய்..."

ஒரு முழம் முன்னால் உண்ணிச்செடிப் புதர். விலக்கினேன். குழி. போன வருடம் மண் சோதனைக்காக நாங்களே தோண்டியது. மூடச் சொன்னார்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று நான்தான் விட்டிருந்தேன். உள்ளே கால் முறிந்து, கழுத்தளவு மழைத் தண்ணீரில் வெள்ளையன். நான் இன்னும் ஓரடி வைத்திருந்தால் அவர் மேலேயே விழுந்திருப்பேன்.

இறங்கி, அவரைத் தோளில் தாங்கி மேலே தள்ளினேன். முதுகில் சுமந்து ஜீப் பாதைக்கு நடந்தேன்.

"நம்பர் சொல்லிக்கினே இருந்தீங்களே, அண்ணே. வுழுந்துட்டேன்னு சொல்லக்கூடாதா?"

"நான் எங்க பாய் நம்பர் சொன்னேன்? வுழுந்ததுல இருந்து உங்களத்தான் கூப்ட்டுக்கினு இருந்தேன்."

நோட்டில் என் கையெழுத்தில் அந்த அளவு ஒன்பது தடவை இருந்தது. அதைச் சொன்னது யாரென்று இன்றுவரை தெரியாது. என் துஆவைக் கேட்டவன் யாரென்று தெரியும்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தார். தை மாதம் தடி ஊன்றி வேலைக்கு வந்தவரிடம் என் தவறைச் சொல்லி அழுதேன்.

"இப்ப குழிய மூடிட்டீங்க இல்ல? டேப்ப எடுங்க" என்றார்.

அன்று முதல் நான் ஒரு வேளைத் தொழுகையையும் விடவில்லை. பயம் உங்களைச் சூழும்போது, நின்ற இடத்திலேயே அவன் முன் விழுந்து கேளுங்கள். கேட்கத் தகுதி இருக்கிறதா என்று யோசிக்காதீர்கள். எனக்கும் இருக்கவில்லை.