படகில் ஏறாத டிரம்

எங்கள் குப்பத்துக்குச் சாலை கிடையாது. கடைக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பிள்ளைகளின் பள்ளிக்கோ ஏரியைப் படகில் கடந்துதான் போகவேண்டும். பள்ளியில் பேண்டு குழு தொடங்கியபோது வாத்தியங்களை வைக்க ஒழுகாத அறை ஒன்றுகூட அங்கே இல்லை. பி.டி. சார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எங்க வூட்ல வெச்சிக்கிறோம் சார், தெனம் புள்ளைங்களோட அனுப்பி வெக்கிறோம்" என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னது நான்தான். எங்களுடையது தளம் போட்ட வீடு, மழைக்கு ஒழுகாது. குழுவில் பாதிக்கு மேல் எங்கள் குப்பத்துப் பிள்ளைகள். என் மகளும் அதில் உண்டு.

அன்றிலிருந்து அது எங்களுக்கு ஒரு தொழிலாகவே ஆகிப்போனது. கருவாடு காயப்போட்ட கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டோம். அப்படியும் சட்டையில் மீன் நாற்றம் அடிக்கிறது என்று டவுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்களாம். பொத்தட்டும், மீன் விற்ற காசில் சாப்பிடுகிறவர்கள் வேறு எப்படி மணப்பார்கள்? ஆண்கள் முறை வைத்துக்கொண்டு தினமும் காலையில் பிள்ளைகளையும் டிரம்களையும் அக்கரை சேர்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மகள்தான் பெரிய டிரம் வாசித்தாள். குழுவிலேயே ஒல்லியானவள் அவள். எதிரே நின்று பார்த்தால் டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வருவதுபோல் இருக்கும். தன் முறை வந்தால் அண்ணன் எஞ்சினை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, டிரம்மில் தண்ணீர் தெறிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "பெத்த புள்ளையக் கூட இப்டி தூக்கினதில்ல நீ" என்று அண்ணி கிண்டல் செய்வாள். குடியரசு தினத்தன்று மகள் மைதானத்தில் வாசித்துக்கொண்டு வருவதைப் பார்க்க, தொழிலுக்குப் போகாமல் வருவேன் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

டிசம்பர் கடைசியில் அவர் போய்விட்டார். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மண் மேடிட்டுக் கிடந்தது. கடலிலிருந்து திரும்பும்போது படகு அந்த மேட்டில் தட்டி நிற்க, பின்னால் வந்த அலை புரட்டிப் போட்டது. கூட இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவரை மறுநாள்தான் எடுத்தோம்.

உடலைக் கிடத்தியிருந்தபோது அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அத்தே, டிரம்மெல்லாம் எடுத்துக் குடுங்க. நைனாவுக்கு நாங்க வாசிக்கணும்" என்றாள். பக்கத்தில் நின்ற பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை. பிள்ளைகள் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அணிவகுப்புக்கான அடி ஒன்றுதான். அதையே அடித்துக்கொண்டு பாடைக்கு முன்னால் இடுகாடு வரை நடந்தார்கள். என் மகள் அழுதுகொண்டே அடித்தாள். அண்ணன் மகள் அழவில்லை, ஓர் அடிகூடப் பிசகவில்லை. ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இப்படி ஒரு வழியனுப்பு இந்தக் குப்பத்தில் எவனுக்கும் கிடைத்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் டிரம்களோடு துறைக்குப் போனார்கள். அன்றைய முறைக்காரர் கையை நீட்டி நிறுத்தினார். "நீங்க ஏறுங்க. அத கரையிலயே வெச்சிடுங்க. சாவுக்கு அடிச்சத போட்டுல ஏத்தக் கூடாது."

மறுநாள் முறைக்காரரும் அதையே சொன்னார். பிணத்துக்கு முன்னால் போனது படகில் ஏறினால் அந்தப் படகுக்கு மீன் படாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த அழுகையில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. கோயில் திருவிழாவுக்கு அடிப்பவர்கள் வேறு, சாவுக்கு அடிப்பவர்கள் வேறு என்று பிரித்தே பழகியவர்கள், பள்ளிக்கூட டிரம்மை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல் விட்டுவிட்டோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகத்துவாரம் அடைபட்டால் ஏரிக்குள் இறால் எங்கிருந்து வரும்? அந்த மாதம் வலைகள் வெறுமையாக வந்ததற்குக் காரணம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படகிலேயே ஏறாத டிரம்மின் தலையில் பழி விழுந்தது. பி.டி. சார் குப்பத்துக்கே வந்து கேட்டார். "ஆவட்டும் சார், பாக்கலாம் சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

குடியரசு தினத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டேன். "செத்தது உன் கூட்டாளிதானே? அந்தப் பொண்ணுக்காவ ஒரே ஒரு நடை ஏத்திட்டுப் போனா இன்னா கொறஞ்சி பூடும்?"

அவர், "எனக்கும் மனசு கேக்கல. ஆனா போட்டு எனக்கு மட்டுமா சொந்தம்? நாளைக்கு வலை காலியா வந்தா பங்காளிங்க என் மூஞ்சியத்தான் பாப்பானுங்க" என்றார்.

மறுநாள் பிள்ளைகள் வெறுங்கையோடு படகேறினார்கள். நானும் போனேன். மைதானத்தில் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பேண்டு இசையைப் போட்டு, பி.டி. சார் விசில் ஊத, பேண்டுப் பிள்ளைகள் அதற்கேற்ப நடந்தார்கள். பெரிய டிரம் நடக்கவேண்டிய இடத்தில் அவள் நடந்தாள். கையை வீசுவதா, மடக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பார்க்க முடியாமல் நான் கொடிக்கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சட்டையைக்கூட மாற்றவில்லை. அண்ணி அப்போதெல்லாம் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. இவளாகவேதான் வந்திருந்தாள்.

"அத்தே, என்னை மன்னிச்சிடுங்க. நைனாவுக்கு வாசிக்கணும்னு நான்தான் கேட்டேன். என்னாலதான் யாராலயும் வாசிக்க முடியாம பூட்ச்சி."

"அடி இவளே, நீ இன்னாடி தப்பு பண்ண? யாரு உன்னை இப்டிக் கேக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் பயப்படவில்லை. "யாரும் சொல்லல அத்தே. பேண்டுப் புள்ளைங்க வூட்டுக்கெல்லாம் போய்ட்டு வந்தேன். எல்லாரும் பரவால்லன்னு சொல்லிட்டாங்க. நீங்க மட்டுந்தான் சொல்லணும்."

'பரவால்ல' என்று என் வாயால் கேட்காமல் அவள் நகரப்போவதில்லை என்று தெரிந்தது. இருட்டிக்கொண்டு வேறு வந்தது. சொன்னேன்.