பத்துக்குப் பத்து போட்ட மெஷின்

கும்மிடிப்பூண்டியில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் நானும் ஸ்டெல்லா அக்காவும் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தோம். 2006-ல் புது மெஷின் ஒன்று வந்தது. தகடு அடிக்கும் இடத்துக்குள் கை போனால் சென்சார் கண்டுபிடித்து, மெஷின் தானாகவே நின்றுவிடும்.

சில மாதங்கள் கழித்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். "இந்த மெஷினை எவ்வளவு நம்புறீங்க? பத்துக்கு மார்க் போடுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். நான் யோசிக்காமல் பத்து என்றேன். அக்கா ஐந்துதான் கொடுத்தார்.

"இன்னாக்கா, மார்க் போடக்கூட இவ்ளோ கஞ்சத்தனமா?" என்று சிரித்தேன்.

"நேத்து நின்னுச்சு. இன்னிக்கு நிக்குமான்னு இன்னும் பாக்கலியேடி" என்றார்.

அடுத்த வாரமே, ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குள் ஒரு தகடு சிக்கியது. சுவிட்சை அணைக்காமலே கையை நீட்டினேன். அக்கா பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருடி, மொதல்ல கட்டைய வுட்டுப் பாக்கலாம்" என்று ஒரு மரக்கட்டையை உள்ளே நீட்டினார்.

மெஷின் நிற்கவில்லை. கட்டை நசுங்கிச் சிதறியது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். சென்சார் கெட்டுப் போயிருந்ததை யாருமே கவனிக்கவில்லை.

இப்போது தினமும் வேலை தொடங்கும் முன் கட்டையை நீட்டி, மெஷின் நிற்கிறதா என்று பார்க்கிறேன். ஏதாவது சிக்கினால் சுவிட்சை அணைத்த பிறகே தொடுகிறேன். காலையில் மகளுக்குத் தலை பின்னிவிடும்போது, ஓடுகிற என் பத்து விரல்களையும் பார்த்து, அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

– ம. தேவகி, கும்மிடிப்பூண்டி