நான் நீளமாக விட்ட ஒயர்

அன்று குமாரபாளையம் தறிக்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி, தறி ஓட்டும் செல்வி அக்கா, போர்டை வடிவமைத்த சேலத்துக் கல்லூரிப் பெண் நஸ்ரின், எட்டாவதோடு படிப்பை விட்டு, போர்டு மாட்டிப் பிழைக்கும் நான்.

நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் எலக்ட்ரானிக் போர்டு அது. நஸ்ரின் அதன் சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்து ஓட்டிப் பார்த்துச் சரி என்றிருந்தார். இங்கேயோ நூல் அறாமலே தறி நின்றது.

"ஏனுங்க, இதுக்கு நானே நிறுத்திக்குவேனுங்களே!" என்று செல்வி அக்கா சிரித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு. இல்லீன்னா மத்த தறிக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி என்னிடம்.

பயத்தில் நஸ்ரின் மீது பாய்ந்தேன். "உங்க கம்ப்யூட்டர் சொன்னது பொய்யுங்க. போர்டுக்கு நான் தர வேண்டிய மிச்சப் பணத்தத் தர முடியாது."

அவர், நூல் அறுந்ததைப் போர்டுக்குச் சொல்லும் சென்சாரின் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனார். பத்தாமல் போய்விடுமோ என்ற கவலையில் அதை நீளமாக விட்டு, மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். லேப்டாப்பில் அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே சின்னக் கெப்பாசிட்டர் ஒன்றை வரைந்து ஓட்டினார். திரையில் அதுவரை நேராக இருந்த சிக்னல் கோடு துள்ளியது.

"ஒட்டி ஓடுற ரெண்டு ஒயரும் கெப்பாசிட்டர் மாதிரிதான் அண்ணா. மோட்டார் கரண்டோட துள்ளல் தொடாமலே சென்சார் ஒயர்ல ஏறிருது; நூல் அறுந்துருச்சுன்னு போர்டு நெனச்சுக்குது. நான் ஒயரையே கணக்குல சேர்க்கல. தப்பு எம்மேலயும் இருக்கு."

சென்சார் ஒயரை வெட்டிக் குறைத்து, மோட்டார் ஒயரை விட்டுத் தள்ளிக் கட்டினேன். தறி நிற்காமல் ஓடியது. பணத்தை நீட்டினேன். பாதித் தப்பு தன்னுடையது என்று நஸ்ரின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

எல்லோர் முன்னாலும் அவர் தன் தப்பைச் சொன்னார். என் தப்பை நான் சொல்லவே இல்லை. இன்றும் ஒயர் வெட்டும்போதெல்லாம் அது உறுத்துகிறது. அவருக்கு நான் தர வேண்டியது இன்னும் எண்ணூறு ரூபாய்.