பஞ்சு தொட்ட இடம்

மானாம்பதி தாண்டவராயனுக்கு ஊர் வைத்த பெயர் குஷ்ட இன்ஸ்பெக்டர். நேரில் பார்த்தால் சார் என்பார்கள், முதுகு திரும்பினால் இது. அவருக்கும் தெரியும். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் இதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் ஆகுமா என்று சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்.

எழுபத்திரண்டில் செங்கல்பட்டில் அவருக்குக் குஷ்டரோகம் கண்டுபிடிக்க ஆறு மாதப் பயிற்சி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஒன்றரைக் காணியில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அதெல்லாம் புதிது. தோலில் வெளுத்த தேமல் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைக்கணும். கண்ணை மூடச் சொல்லணும். பஞ்சைத் திரியாகத் திரித்து நுனியால் லேசாகத் தொட்டால், தொட்ட இடத்தை அவர்களே விரலால் காட்டணும். காட்டத் தெரியவில்லையா, அங்கே உணர்ச்சி செத்திருக்கிறது, அதுதான் நோய். பரீட்சைக்கு இதைப் பழக யார் கிடைப்பார்கள்? பெண்டாட்டிதான். சனிக்கிழமை ஊருக்கு வந்ததும் கோவிந்தம்மாளை வாசலில் உட்கார வைத்துவிடுவார். அவள் கூசுது கூசுது என்று சிரிப்பாள். தேமல் எப்படி இருக்கும், முழங்கை நரம்பு எங்கே ஓடுகிறது, எல்லாவற்றையும் சத்தம் போட்டுப் படித்துப் படித்து, பரீட்சைக்குள் அவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

தாண்டவராயன் பாஸ் பண்ணினார். மானாம்பதியும் சேர்த்துக் காவாந்தண்டலம் பக்கம் பன்னிரண்டு ஊர் கொடுத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நாயை ஏவி விட்ட வீட்டுக்கும் மறுநாள் போனார். இது சாபம் இல்லை, பரம்பரை இல்லை, மாத்திரை சாப்பிட்டால் யாருக்கும் ஒட்டாது என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டு, அந்த வீட்டிலேயே தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் நம்பினார்கள். வருஷா வருஷம் வீடு வீடாகப் பார்த்தவர், மானாம்பதியில் தன் வீட்டை மட்டும் பார்த்ததே இல்லை. ரிஜிஸ்டரில் மூன்று பேர், மூவரும் பார்க்கப்பட்டனர், நோய் இல்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார். கூடவே சாப்பிட்டுத் தூங்குகிறவர்களை என்னத்தைப் பார்க்கிறது?

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் ஒரே மகள் அம்முலுவுக்குத் தாமலில் மாப்பிள்ளை முடிவாயிற்று. நிலபுலம் உள்ள இடம். வைகாசியில் கல்யாணம். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, கோவிந்தம்மாள் கேழ்வரகுக் கூழ் ஊற்றும்போது அவள் இடது சுண்டுவிரல் ஓரமாகப் பெரிய கொப்புளத்தைப் பார்த்தார்.

"இன்னா அது?"

"அடுப்புல பட்டுக்கிச்சு."

"எப்போ?"

"தெரில."

சுட்ட நேரம் தெரியவில்லையாம். அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு. கூழை வைத்துவிட்டு அவளை வாசலுக்குக் கூட்டிப்போனார். முழங்கைக்கு மேலே, ரவிக்கைக் கை மறைக்கிற இடத்தில் தேமல் இருந்தது. ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரியது. எத்தனை வருஷமாக மறைத்தாளோ, பாவி.

பஞ்சைத் திரித்தார். கண்ணை மூடு என்றார். தொட்டார், காட்டினாள். தேமலின் நட்டநடுவில் தொட்டார், சரியாகக் காட்டினாள். ஐந்து தடவையும் சரி. ஆனால் அவள் இமை முழுசாக மூடவில்லை, அடியில் விழி ஓடிக்கொண்டிருந்தது. இப்படித் திருட்டுத்தனம் பண்ணுவார்கள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுத் தொடுங்கள் என்று செங்கல்பட்டு வாத்தியார் முதல் வாரமே சொல்லியிருந்தார். பன்னிரண்டு ஊரிலும் திருப்பித்தான் தொட்டார். இங்கே திருப்பவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"ஒண்ணும் இல்லதானே?"

"அதான் சொல்றேனே."

அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். இரண்டு பேருக்கும் தெரியும். உத்திரமேரூர் குஷ்டரோக யூனிட்டில் டாக்டரிடம் காட்டினால் பெயர் எழுதுவார்கள், அட்டை போடுவார்கள். அங்கே எழுதினால் தாமலுக்கு எட்ட எத்தனை நாள் ஆகும்? அம்முலு கழுத்தில் தாலி ஏறட்டும், நாலு மாதம்தானே, அதற்குள் என்ன ஆகிவிடும் என்று அவர் தன் மனசையே ஏமாற்றினார். நாலு மாதத்தில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஊரில் ஒருத்தன் இப்படிச் சொன்னால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

சித்திரையில் அவள் முழங்கை நரம்பு கயிறாக வீங்கியது, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்க ஆரம்பித்தன. வலி பொறுக்காமல் அவள் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பந்தக்கால் வேலை பார்த்தாள். கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. சம்பந்தி வீட்டாரிடம் அடுப்பில் கை சுட்டுக்கொண்டது என்று சொல்லி வைத்தார்கள். அடுத்த வாரம் அவரே அவளை யூனிட்டுக்குக் கூட்டிப்போனார். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு மாசம் முன்னால வந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாமேய்யா, நீயுமா இப்படி என்று கேட்டார்.

மாத்திரை வேலை செய்தது. நோய் போயிற்று. முழுக்க குணம், இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மடங்கினது மடங்கினதுதான். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எண்பத்தாறில் அம்முலு தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆரத்தி எடுத்து முடிந்ததும், உள்ளே பாயில் உட்கார்ந்த அம்முலு குழந்தையை நீட்டினாள்.

"புடிம்மா, இடுப்பு வலிக்குது."

கோவிந்தம்மாள் இரண்டு கையையும் நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்து குழந்தையை வாங்கிக்கொண்டது. தாண்டவராயனுடைய கைதான். அவர் யோசித்துச் செய்யவில்லை, அது பாட்டுக்குப் போய்விட்டது.

"வெரலு மடங்கிக்கீது, நழுவிடும்," என்றார் அவசரமாக. அம்முலு அதை நம்பிப் படுத்துக்கொண்டாள்.

கோவிந்தம்மாள் நீட்டின கையை உடனே இறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மகள் காதில் விழாதபடி கேட்டாள்.

"உங்களுக்கே பயமா கீதா?"

பன்னிரண்டு ஊருக்கும் சொன்ன பதில்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிக் குழந்தையை அவள் கையில் கொடுத்தால் போதும். அவர் கொடுக்கவில்லை. அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, வெந்நீர் போட அடுப்பங்கரைக்குப் போனாள்.