செல்வின் கொடுத்த ஏஞ்சல் மீன்

சென்ற வாரம் மருத்துவமனையில் காத்திருந்தபோது, அங்கிருந்த மீன்தொட்டியில் பணியாள் ஒருவர் தீனி தூவினார். அந்த வாடை, இன்று கட்டடமே இல்லாமற்போன பாளையங்கோட்டை வண்ணமீன் கடைக்குள் என்னைக் கொண்டு சேர்த்தது. ஈரச் சாக்கு மிதியடியும், காற்று மோட்டாரின் ஓயாத முனகலும், கண்ணாடிகளில் அசையும் பச்சை வெளிச்சமும் நிறைந்த அக்கடைக்கு, தொண்ணூறுகளில் நானும் பக்கத்து வீட்டுச் செல்வினும் சனிக்கிழமைதோறும் செல்வோம். அவன் வீட்டு முன்னறையில், விருந்தினர் வியக்கும்படி விளக்கெரியும் மீன்தொட்டி இருந்தது. எங்கள் வீட்டில் இருந்ததோ துணி அலசிக் கைவிட்ட பழைய சிமெண்ட் தொட்டி. ஆயினும் எந்த மீன் எதனோடு ஒத்து வாழும் என்பதை அவன் என்னிடமே கேட்பான்.

ஒருநாள் ஏஞ்சல் மீன் ஒன்றை வாங்கிக்கொண்டு, வரிபோட்ட டைகர் பார்ப் மீன்களைக் காட்டி, "அதுவ இதோட சேருமாலே?" என்றான்.

"நல்லா சேரும்லே," என்றேன்.

அவை ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளைக் கடித்துக் குதறும் என்று கடைக்கார அண்ணாச்சி முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்.

அவற்றையும் வாங்கிப்போய் ஒரே தொட்டியில் விட்டவன், பத்தே நாளில், துடுப்புகள் கந்தலான ஏஞ்சலைப் பையிலிட்டுக் கொண்டுவந்தான். "எனக்குத் தண்ணி மாத்தத் தெரியலலே. ஒங்கிட்ட இருந்தா பொழச்சிக்கிடும். நீயே வச்சிக்கோ."

கடிப்பாரில்லாத சிமெண்ட் தொட்டியில் துடுப்புகள் பையப் பைய வளர்ந்தன. "எல்லாம் ஒன் கைராசிலே," என்று செல்வின் சிரித்தான். ஆசையாய் வாங்கியதை எனக்குக் கொடுத்துவிட்டு அவனால் அப்படிச் சிரிக்க முடிந்ததே என்ற பொறாமை, அவன் தொட்டியின்மீது நான் கொண்ட பொறாமையினும் பெரிதாய் இன்றும் என்னுள் இருக்கிறது.