கம்பி வலைக்கு இந்தப் பக்கம்

நேற்று திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் ஊர்ப் பெயர்களைக் கத்தியபோது, எட்டு வயதில் பார்த்த ஜெயில் ஞாபகம் வந்தது.

வரப்புத் தகராறில் நைனாவை அடைத்திருந்தார்கள். கம்பி வலையின் இரு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசினார்கள், ஒன்றுமே புரியவில்லை. வீட்டில் சத்தமாகப் பேசியே அறியாத அம்மா, வலையில் முகத்தைப் பதித்துக் கத்தினாள்.

"நாத்து நட்டாச்சுங்க! நானே ஏர் புடிச்சி ஓட்டினேன்! கவலப்படாதீங்க!"

மொத்தக் கூட்டமும் அடங்கிவிட்டது. காவலர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

"ஆங்... ஆங்..." என்று தலையாட்டியபடியே நைனா அழுதார்.

ஜாமீனில் வந்தவர் எங்களையும் கூட்டிக்கொண்டு நேராக வயலுக்குப் போனார். கதிர் முற்றியிருந்தது. ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். அதுவரை அம்மாவை "இந்தாமே" என்றே கூப்பிட்டவர், "வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்றார். இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.